மழைக்கு முந்தைய குளிர்காற்றும் மூச்சிரைப்பும்

2016 நவம்பர் 21, மெல்போர்ன். பகலெல்லாம் 35 டிகிரி வெயில். மாலையில் இடியோடு காற்று கிளம்பியது. அடுத்த 30 மணி நேரத்துக்குள், மூச்சுவிடத் திணறி அவசரப் பிரிவுகளுக்கு வந்தவர்கள் வழக்கத்தைவிட 3,000 பேருக்கு மேல் அதிகம். 10 பேர் இறந்தார்கள். இதற்கு இடிமழை ஆஸ்துமா என்று பெயர்.

இத்தனைக்கும் காரணம் ரைகிராஸ் என்ற புல். அதன் மகரந்தம் 30 மைக்ரானுக்கு மேல் பெரியது, மூக்கைத் தாண்டாது. தும்மல், கண் அரிப்போடு போய்விடும். ஆனால் ஈரத்தில் ஊறினால் வெடிக்கும். உள்ளேயிருந்து சிதறும் மாவுத்துகள்கள் 3 மைக்ரானுக்கும் சிறியவை, நேராக நுரையீரலின் நுண்குழாய்களுக்கு இறங்கிவிடும். புயல்மேகத்திலிருந்து இறங்கும் குளிர்காற்று இவற்றைத் தரையோடு தள்ளிக்கொண்டு மழைக்கு முன்னால் வருகிறது. "காத்து ஜில்லுன்னு வருது" என்று நாம் வாசலில் போய் நிற்கிற அந்தச் சில நிமிடங்கள்தான் ஆபத்தானவை.

அந்த ஒரு மாலையைப் பருவநிலை மாற்றத்தின் கணக்கில் அப்படியே எழுதிவிட முடியாது. ஆனால் கரியமில வாயு கூடினால் புல் அதிகம் மகரந்தம் தள்ளும், வெப்பம் கூடினால் பூக்கும் காலம் நீளும். வட அமெரிக்காவில் 1990 முதல் 2018 வரை மகரந்தக் காலம் சுமார் 20 நாள் முன்னதாகத் தொடங்கி, நீளவும் செய்தது, மகரந்தத்தின் அளவு 21 சதவீதம் கூடியது.

மெல்போர்ன் தமிழர்கள் இதைக் கவனிக்கவேண்டும். அன்று பாதிக்கப்பட்டவர்களில் இந்தியா, இலங்கையில் பிறந்தவர்கள் கணிசம். ஆஸ்துமாவே இல்லாதவர்களுக்கும் வந்தது, ஆனால் பெரும்பாலோருக்கு வசந்தகாலத் தும்மல் இருந்தது. "வெறும் மூக்கொழுகல்தானே" என்று விடாதீர்கள். செப்டம்பரிலேயே மருத்துவரைப் பாருங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் தடுப்பு இன்ஹேலரை மருத்துவர் சொன்னபடி தவறாமல் எடுக்கவேண்டும். இரைப்பு வந்ததும் எடுக்கும் நீல இன்ஹேலர் மூச்சுக்குழாயை விரிக்கும், அதன் வீக்கத்தைக் குறைக்காது. அதை மட்டும் நம்பியிருப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை மெல்போர்ன் இருக்கும் விக்டோரியா மாநில அரசு இடிமழை ஆஸ்துமா முன்னறிவிப்பு தருகிறது. 'அதிக அபாயம்' என்றால், காற்று கிளம்புமுன் வீட்டுக்குள் வந்து ஜன்னலை மூடுங்கள். வெளிக்காற்றை உள்ளே இழுக்கும் ஏசியை நிறுத்துங்கள்.

இரைப்பு வந்தால் படுக்கவைக்காதீர்கள், நிமிர்த்தி உட்காரவையுங்கள். நீல இன்ஹேலரைக் குலுக்கி, ஸ்பேசரில் (இன்ஹேலரோடு பொருத்தும் மருந்துக்கூடு) ஒரு பஃப், 4 மூச்சு. இப்படி 4 பஃப், ஒவ்வொன்றாக. நாலையும் ஒரேயடியாக அழுத்தினால் மருந்து ஸ்பேசர் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். 4 நிமிடத்தில் தேறாவிட்டால் ஆஸ்திரேலிய அவசர எண் 000-ஐ அழைத்துவிட்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை இதையே தொடருங்கள். பேசவே முடியாமல் திணறினால் முதலிலேயே அழையுங்கள்.

பிளாஸ்டிக் ஸ்பேசரைச் சோப்புநீரில் அலசியபின் துணியால் துடைக்காமல் தானாக உலரவிடுங்கள். துடைத்தால் உள்ளே நிலைமின்சாரம் ஏறி, மருந்தைச் சுவர் இழுத்துக்கொள்ளும்.