உளவியல் பட்டத்துக்கு என் கையில் இருக்கிற 16 மாதம்

யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் அம்மம்மா வீட்டு விறாந்தையில் இருந்து எழுதுகிறேன். கலிபோர்னியாவில் கொமியூனிற்றி கொலிஜில் இரண்டு வருடம் முடித்துவிட்டேன். ஓகஸ்ற் கடைசியில் அங்கேயே ஒரு ஸ்ரேற் யூனிவர்சிற்றியில் உளவியல் இளமாணிக்கு, நேரே மூன்றாம் வருடத்தில் சேரப்போகிறேன். இடையில் கிடைத்த விடுமுறைக்கு ஊருக்கு வந்தது, நல்லூர்த் தேர் பார்த்த கையோடு பிளேன் ஏறவேண்டும்.

வந்த நாளில் இருந்து சொந்தக்காரர் எல்லாரும் ஒரே கேள்விதான். "கொமியூனிற்றி கொலிஜ் எண்டா என்ன பிள்ளை, ரெக்னிக்கல் கொலிஜ் மாதிரியோ?" இல்லை. இங்கே உயர்தரப் பரீட்சை, அதற்குப் பிறகு பாடங்களை ஒப்பிடச் சீராக்கிப் போடுகிற இசட் புள்ளி, மாவட்ட வெட்டுப்புள்ளி, அதில் கொஞ்சம் தவறினால் கம்பஸ் கதவு மூடிவிடும், எனக்கு அப்படித்தான் மூடியது. அங்கே கலிபோர்னியாவில் மட்டும் 116 கொமியூனிற்றி கொலிஜ் இருக்கிறது, பதினெட்டு வயது தாண்டிய யாரும் போய்ச் சேரலாம், அந்த மாநிலத்தில் வசிப்பவர் என்று ஆகிவிட்டால் ஒரு யூனிற்றுக்கு, அதாவது பாடங்களின் கனத்தை அளக்கிற அலகு ஒன்றுக்கு, 46 டொலர்தான். ஒரு இளமாணிப் பட்டத்துக்கு 120 யூனிற் வேண்டும். அதில் பாதி, 60 யூனிற்றை அங்கே படித்துவிட்டு மிச்சத்துக்கு யூனிவர்சிற்றிக்கு மாறிப்போகலாம். கடைசியில் கையில் வருவது அந்த யூனிவர்சிற்றியின் பட்டம்தான், குறைந்த பட்டம் ஒன்றும் கிடையாது. இதை நான் மாமாவுக்கு மூன்று தடவை சொல்லியிருக்கிறேன்.

சரி, திட்டத்துக்கு வருவோம். நான் தொடங்கியது உளவியலில் இல்லை. அப்பா சொன்னார் என்று வணிகம் எடுத்தேன், ஒரு வருடம் போனபிறகுதான் மாற்றினேன். அந்த முதல் வருடத்தில் வணிகப் புள்ளிவிபரவியல் படித்து நல்ல புள்ளியும் எடுத்தேன். சராசரி, நியமவிலகல், கருதுகோள் சோதனை எல்லாம் அதிலும் உண்டு, ஆகவே உளவியலுக்கும் அது போதும் என்று நினைத்தேன், கொலிஜில் ஆலோசனை சொன்னவரும் போதும் என்றே சொன்னார். யூனிவர்சிற்றி அனுமதிக்கு அது போதும்தான். ஆனால் நான் சேரப்போகும் உளவியல் துறை அதை ஏற்கவில்லை. அனுமதிக் கடிதம் வந்து நாங்கள் எல்லாரும் சந்தோசப்பட்டு இரண்டு கிழமை கழித்துத்தான் இது தெரியவந்தது.

ஒரு பாடம்தானே என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது, பிறகு தாளில் எழுதிப் பார்த்தபோது நெஞ்சு திக்கென்றது. புள்ளிவிபரவியல் முடிக்காமல் ஆய்வுமுறை எடுக்க ஏலாது. ஆய்வுமுறை முடிக்காமல் மேல்மட்ட ஆய்வுகூடப் பாடங்கள் இல்லை. அது இல்லாமல் ஒரு பேராசிரியரின் ஆய்வுக் குழுவில் உருப்படியாக ஒன்றும் செய்ய ஏலாது. ஒரு பாடம் பிந்தினால் பின்னால் நிற்கும் எல்லாம் ஒவ்வொரு செமஸ்ரராகப் பிந்தும்.

அதனால்தான் இந்தக் கோடையில் என் பழைய கொலிஜிலேயே புள்ளிவிபரவியலை ஒன்லைனில் திரும்பப் படிக்கிறேன், எட்டுக் கிழமை வகுப்பு, இந்த முறை சரியான பாடம். கலிபோர்னியாவுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இப்போது பன்னிரண்டரை மணி நேர வித்தியாசம். அங்கே நள்ளிரவுக்கு ஒரு நிமிசம் முன்னர் ஒப்படைக்க வேண்டிய வேலை எனக்கு இங்கே அடுத்த நாள் மத்தியானம் 12.29. அம்மம்மா சோறு போட்டு வைத்துக்கொண்டு கூப்பிடுகிற நேரம்.

என்னைப்போல மாற இருக்கிற ஆட்கள் இதை வாசித்தால் ஒன்று சொல்லுகிறேன். அசிஸ்ற் என்று அந்த மாநிலமே நடத்துகிற ஒரு இணையத்தளம் இருக்கிறது. உங்கள் கொலிஜ், போக விரும்பும் யூனிவர்சிற்றி, துறை, வருடம் நான்கையும் கொடுத்தால் எந்தப் பாடம் எதற்கு ஈடு என்று காட்டும். முதல் செமஸ்ரரிலேயே அதைப் பாருங்கள், யார் வாயால் என்ன சொன்னாலும் அதைப் பாருங்கள். உளவியலுக்கென்றே மாறிப்போவதற்கான இணைப்பட்டம் ஒன்றும் உண்டு, 2010-இல் வந்த சட்டத்தால் உருவானது, அதை முடித்தால் ஸ்ரேற் யூனிவர்சிற்றி அமைப்பில் ஏதாவது ஒரு வளாகத்தில் இடம் உறுதி. அறிமுக உளவியலும் புள்ளிவிபரவியலும் ஆய்வுமுறையும் அதற்குள்ளேயே அடங்கும். துறையை நேரத்தோடு முடிவுசெய்த பிள்ளைகளுக்கு அதுதான் நல்ல வழி.

இப்போது தலைப்பில் சொன்ன 16 மாதம். உளவியல் இளமாணியோடு மட்டும் அங்கே ஒருவர் உளவளத்துணையாளராக இருக்க ஏலாது. கலிபோர்னியாவில் குடும்ப உளச்சிகிச்சைக்கு அனுமதிப்பத்திரம் எடுக்க முதுமாணி வேண்டும், அதோடு மேற்பார்வையில் 3,000 மணித்தியாலம் வேலை செய்யவேண்டும். உளவியலாளர் என்றால் கலாநிதிப் பட்டம், அதற்கும் 3,000 மணித்தியாலம். அந்த மேற்படிப்புகளுக்கான விண்ணப்பங்கள், முக்கியமாகக் கலாநிதிப் படிப்புக்கு, பெரும்பாலும் கடைசி வருடத்து டிசெம்பரிலேயே முடிந்துவிடும். வழக்கமாக மூன்று பேரின் பரிந்துரைக் கடிதம் கேட்பார்கள். முதலாம் வருடத்தில் இருந்தே அங்கே படிக்கிற பிள்ளைக்குப் பேராசிரியர்களைத் தெரிந்துகொள்ள மூன்று வருடத்துக்கு மேல் இருக்கிறது. எனக்கு இந்த ஓகஸ்ற்றில் இருந்து அடுத்த வருட டிசெம்பர் வரை. இரண்டு வருடம் என்று எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தேன், எண்ணிப் பார்த்தால் அவ்வளவுதான்.

ஆகவே முதல் செமஸ்ரருக்கு 15 யூனிற் போட்டிருக்கிறேன்: ஆய்வுமுறை, உயிரியல் உளவியல், மனநோய்கள் பற்றிய பாடம், பிறகு எல்லாத் துறைக்கும் கட்டாயமான மேல்மட்டப் பொதுப்பாடங்களில் இரண்டு. 12 யூனிற் எடுத்தாலும் முழுநேர மாணவிதான், ஆனால் அப்படிப் போனால் 60 யூனிற் நான்கு செமஸ்ரரில் முடியாது. வேலைக்குப் போவதைச் சனி ஞாயிறுக்கு ஒதுக்கவேண்டி வரும். அதைப் பற்றி அம்மாவோடு இன்னும் பேசவில்லை.

விருப்பப் பாடங்களில்தான் நிறைய யோசித்தேன். யோசனை என்ற சொல்லாலேயே அதையும் சொல்லவேண்டும்.

பக்கத்து வீட்டு மாமி பின்னேரங்களில் வந்து படியில் இருப்பார். "யோசனை கூடிப்போச்சு பிள்ளை, அதுதான் நித்திரை இல்லை." இது யாழ்ப்பாணத்தில் எந்த வீட்டிலும் கேட்கிற வசனம். கவலைப்படாதே என்பதற்கே நாங்கள் "ஒண்டும் யோசிக்காதேங்கோ" என்றுதானே சொல்லுகிறோம். கொலிஜில் மனச்சோர்வை அளக்க ஒன்பது கேள்வி உள்ள ஒரு படிவத்தைக் காட்டினார்கள், கடந்த இரண்டு கிழமையில் எப்படி இருந்தீர்கள் என்று கேட்டு ஒவ்வொன்றுக்கும் பூச்சியம் முதல் மூன்று வரை புள்ளி போடுவது, உலகம் முழுக்கப் பாவிக்கிறார்கள். மாமி பேசுவதைக் கேட்டுக்கொண்டு அந்த ஒன்பதையும் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். நித்திரை பற்றிய கேள்வி இருக்கிறது. யோசனை இல்லை. "எதிலாவது சந்தோசம் குறைந்ததா" என்று அவரைக் கேட்டால் "என்ன சந்தோசம் பிள்ளை, ஏதோ இருக்கிறம்" என்று சொல்லுவார், அதற்கு எத்தனை புள்ளி போடுவது?

2013-இல் வந்த அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் நோய் வகைப்பாட்டில், சிம்பாப்வேயின் ஷோனா மொழியில் இருந்து குஃபுங்கிசிசா என்ற சொல்லை எடுத்துச் சேர்த்திருக்கிறார்கள். அளவுக்கு மீறி யோசிப்பது என்றுதான் பொருள். வகுப்பில் அதை வாசித்த அன்று எனக்கு அம்மம்மா குரலே கேட்டது. எங்கள் சொல்லை யார் எடுத்து ஆராய்வது? யாழ்ப்பாணத்தில் இருந்து வேலைசெய்த உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றவர்கள் போருக்குப் பிந்திய கூட்டு மனவடு பற்றி எழுதியிருக்கிறார்கள், அந்த வழியில் செய்ய இன்னும் எவ்வளவோ கிடக்கிறது.

அதனால் உளவியல் அளவீடு பற்றிய பாடம் ஒன்று, மருத்துவ மானிடவியல் ஒன்று என்று இரண்டையும் இரண்டாம் செமஸ்ரரில் போட்டுவிட்டேன். குழந்தை உளவியலை விட்டுக்கொடுத்தேன், அது கவலைதான். கேள்விப் படிவங்களை வேறு மொழிகளுக்குக் கொண்டுபோவதில் வேலைசெய்கிற ஒரு பேராசிரியர் அந்தத் துறையில் இருக்கிறார். வகுப்புத் தொடங்கமுன்னரே அவருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதவேண்டும் என்று நான்கு நாளாக எழுதி அழிக்கிறேன். முதலில் என் புள்ளிகளையும் படித்த பாடங்களையும் அடுக்கினேன், யாரும் எழுதக்கூடிய கடிதமாக இருந்தது. நேற்று எல்லாவற்றையும் அழித்துவிட்டு, மாமி சொன்ன அந்த ஒரு வசனத்தை முதல் வரியில் வைத்து, ஆங்கிலத்தில் அதை எப்படிச் சொல்லலாம் என்று மூன்று விதமாகக் கீழே எழுதினேன். மூன்றும் சரிவரவில்லை என்பதையும் எழுதினேன். இன்றைக்கு இரவு அனுப்புவேன், அவருக்கு அப்போது காலை.