“சேர்ந்து சந்தோஷமா இருங்க, பதிவு எதுக்கு?”

திருமணப் பதிவுச் சான்றிதழ் ஒருவழியாகக் கைக்கு வந்துவிட்டது. எரிச்சல்தான் இன்னும் அடங்கவில்லை.

நான் திருநங்கை. உசிலம்பட்டிப் பக்கம் கணவரின் குலசாமி கோயிலில் கல்யாணம் நடந்தது. கலெக்டர் தரும் அடையாளச் சான்றிதழ், கெசட்டில் பெயர் மாற்றம், ஆதார் எல்லாம் முன்பே முடித்து வைத்திருந்தேன். ஆன்லைன் விண்ணப்பமும் சிக்கலில்லாமல் போனது. வினை மதுரையில் ஒரு சார்பதிவாளர் அலுவலகத்தில் காத்திருந்தது.

எழுத்தர் ஆதாரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி ஆதாரைப் பார்த்தார். “இந்து திருமணச் சட்டத்துல மாப்பிள்ளை, பொண்ணுன்னுதாம்மா இருக்கு. நீங்க எதுல வருவீங்க?” அப்புறம் ஆபரேஷன் செய்ததற்கு டாக்டர் கடிதம் கேட்டார். ஆபரேஷனைக் கட்டாயமாக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2014-லேயே சொல்லிவிட்டது. யாராவது கேட்டால் ஓடிப்போய் வாங்கி வராதீர்கள்.

அடுத்த தடவை, மார்க் ஷீட்டில் பழைய பெயர் இருக்கிறதாம். கெசட்டை நீட்டினேன். அதைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் பூசாரியிடம் கடிதம் வாங்கி வரச் சொன்னார். வாங்கி வந்தால், “மேலிடத்துல கேட்டுச் சொல்றேன்.” கல்யாணமாகி 90 நாளுக்குள் பதிய வேண்டும், தாண்டினால் கூடுதல் கட்டணம். நாள் ஓடிக்கொண்டிருந்தது.

கடைசியில் அக்கறையோடு ஓர் ஆலோசனை சொன்னார்: “சேர்ந்து சந்தோஷமா இருங்க, யாரு வேணாம்னா? பதிவெல்லாம் எதுக்கு?”

எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. பதில் சொன்னது என் மாமியார். “ஏய்யா, நாளைக்கு எம்மகன் ஆஸ்பத்திரில கெடந்தா, இவ யாருன்னு கேப்பாகள்ல? அப்ப நீ வந்து சொல்லுவியா?” கல்யாணத்துக்கு முந்தின வாரம்வரை என்னோடு முகம் கொடுத்துப் பேசாதவர்!

விஷயம் தெரிந்த ஒரு வக்கீல் அக்கா சொல்லித்தான் ஒரு தீர்ப்பைப் பிரிண்ட் எடுத்தேன். நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள்: சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, ரிட் மனு (எம்.டி.) எண் 4125/2019, தீர்ப்பு நாள் 22.04.2019. தூத்துக்குடியில் இதே போலப் பதிவு மறுக்கப்பட்ட ஒரு தம்பதியின் வழக்கு. இந்து திருமணச் சட்டத்தில் வரும் மணமகள் திருநங்கையாகவும் இருக்கலாம் என்று நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் தெளிவாகச் சொல்லி, பதிவு செய்ய உத்தரவிட்டார். திருநங்கை ஓர் ஆணை மணப்பதற்கு இப்போதுள்ள சட்டங்களிலேயே உரிமை உண்டு என்பதை 2023-இல் உச்ச நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது. உயர் நீதிமன்றக் கிளை இருப்பது ஒத்தக்கடைப் பக்கம்தான். டவுன் பஸ் போகிற தூரத்துக்குத் தீர்ப்பு வந்து சேர இத்தனை வருஷமா?

முக்கியமான வரிகளில் மஞ்சள் மை பூசி, எழுத்தரைத் தாண்டி நேராகச் சார்பதிவாளர் மேசையில் வைத்தேன். “முடியாதுன்னா காரணத்தை எழுத்துல குடுங்க சார், போயிடுறோம்” என்றார் என் கணவர். சார்பதிவாளர் இரண்டு பக்கம் படித்தார். எழுத்தரைக் கூப்பிட்டார். சாட்சிகள் வந்திருக்கிறார்களா என்று கேட்டார். அன்றைக்கே கையெழுத்து முடிந்தது. பூசாரி கடிதத்தை யாரும் கேட்கவே இல்லை.

வாய்வார்த்தையாக மறுத்தால் திரும்பி வராதீர்கள், காரணத்தை எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். சாட்சிகளை ஒவ்வொரு தடவையும் கூட்டிப் போங்கள். வேலை எப்போது நடக்கும் என்று சொல்ல முடியாது.

அடுத்து எங்களுக்குத் தனி ரேஷன் கார்டு. அதற்கு மாமியார் கார்டிலிருந்து இவர் பெயரை எடுக்க வேண்டும். அரிசி குறையும் என்று அவர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.