யாழ்ப்பாணத்திலிருந்து கோல்ஃப் பையோடு விமானம் ஏறுவது: முதல் எதிரி வெங்காய மூட்டை

சின்ன வெங்காய மூட்டை ஒன்று 50 கிலோ வரும். கொழும்புக்குப் போகும் இரவு பஸ்ஸின் கீழ்ப்பெட்டியில் அப்படி இரண்டு மூட்டையைக் கோல்ஃப் பையின் நடுவயிற்றில் தூக்கிப் போட்டிருக்கிறார்கள். கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறக்கித் திறந்து பார்த்தால், ஏழாம் நம்பர் அயன் என்ற இரும்புத்தலைத் தடியின் உருக்குத் தண்டு பிடிக்குக் கீழே ஒரு சாண் தள்ளி வில் மாதிரி வளைந்து கிடக்கிறது. உருக்குத் தண்டு வளைந்தால் அவ்வளவுதான். முழங்காலில் வைத்து நிமிர்த்தினாலும் வளைந்த இடத்தில் பலம் போய்விடும். அடிக்கிற வேகத்தில் அங்கேயே முறிந்து தலை பறக்கும். புதுத் தண்டு போட வேண்டும், அது தண்டச் செலவு. பஸ்காரர் கையை விரித்துவிட்டார். இத்தனைக்கும் விமானம் இன்னும் புறப்படவேயில்லை.

கோல்ஃப் பையை வெளிநாட்டுக்குக் கொண்டுபோவதைப் பற்றிச் சொல்கிறவர்கள் எல்லோரும் விமான நிலையத்து வாசலில் இருந்துதான் தொடங்குவார்கள். யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு அது சரிவராது. கட்டுநாயக்க வரையுள்ள 350 கிலோமீற்றருக்கு மேற்பட்ட தரைப்பாதைதான் தடிகளுக்குப் பெரிய கண்டம். ரொறன்ரோ, லண்டன், மெல்பேண் என்று இருந்து வருகிற சொந்தங்கள் 1889இல் தொடங்கிய நுவரெலியா கோல்ஃப் கழகத்திலோ 1879இல் தொடங்கிய கொழும்புக் கழகத்திலோ ஆடிவிட்டு, பையோடு வீட்டுக்கு வந்து, பிறகு அதே பையோடு திரும்புகிறார்கள். அவர்களுக்கும், இங்கிருந்து படிக்கவும் வேலைக்கும் போகிறபோது தடிகளைக் கொண்டுபோகிறவர்களுக்கும் இது.

பஸ்தான் மலிவு. ஆனால் யாழ்ப்பாணத்தில் முதலில் ஏற்றிய பொதி அடியில் போகும். கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் ஏறுகிற பொதியெல்லாம் அதன் மேல். ஆகவே பையை முதல் ஆளாக நின்று ஏற்றக்கூடாது. மற்றவர்களின் பொதி ஏறி முடிந்ததும் கடைசியாக, எல்லாவற்றுக்கும் மேலே படுக்க வையுங்கள். முறிகண்டியில் பஸ் நிற்கும். பிள்ளையாரைக் கும்பிட்டு, கச்சான் ஒரு சரை வாங்கிக்கொண்டு, நடத்துநரிடம் சொல்லிப் பெட்டியைத் திறப்பித்து ஒருமுறை பாருங்கள். ஏதாவது மேலே ஏறியிருந்தால் அங்கேயே மாற்றி வைக்கலாம். இரண்டு நிமிட வேலை.

பஸ்ஸுக்குப் பதில் வான் வண்டியில் போனால் பையைக் கூரையில் கட்ட விடாதீர்கள். இருக்கைகளுக்கு நடுவே நிலத்தில் நீளவாக்கில் கிடத்துவதுதான் பாதுகாப்பு. அந்த இடத்துக்கு ஓர் இருக்கைக் காசு கேட்டால் கொடுப்பது நியாயம். நியாயமில்லாதது, ஏறும்போது ஒன்றும் பேசாமல் விமான நிலைய வாசலில் இறக்கிவிட்டு "இந்த நீளப் பைக்கு வேற காசு" என்று சாரதி கேட்பது. நேரம் போகிற பதற்றத்தில் யாரும் கொடுத்துவிடுவார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். முதல்நாளே போனில் "ஒரு சூட்கேசும், நாலேகால் அடி நீளத்தில் ஒரு பையும்" என்று அளவு சொல்லித் தொகையைப் பேசி முடியுங்கள். ரயிலில் தலைக்கு மேலுள்ள தட்டில் பை நீளவாக்கில் படுக்கும், ஒரு சேதமும் வராது. ஆனால் கொழும்புக் கோட்டையில் இறங்கிக் கட்டுநாயக்கவுக்குத் திரும்பி வருகிற செலவையும் சேர்த்துப் பார்த்தால் மிச்சம் பிடித்த காசு அங்கே போய்விடும்.

பலாலியில் ஏறிச் சென்னைக்குப் போகலாமே என்றால், தாராளமாகப் போகலாம். 2019 ஒக்ரோபரில் அது யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமான பிறகு தரைப்பாதைத் தொல்லையை அடியோடு தவிர்க்க இருக்கிற வழி அது. ஆனால் அங்கே வருவது 70 சொச்சம் இருக்கையுள்ள ஏரிஆர் 72 ரக விமானம். ஓடுபாதை நீளம் குறைந்தது, வெயிலும் சேர்ந்தால் விமானம் தூக்கக்கூடிய நிறைக்கு வரம்பு இறுகும். அப்படியான நாளில் முதலில் பின்தங்கக்கூடியது நீளப் பொதிதான். ஆகவே முன்கூட்டி அறிவிக்காத கோல்ஃப் பையோடு பலாலிக்குப் போவதை நான் ஆதரிக்க மாட்டேன். இன்னொன்று: சென்னையில் இருந்து அப்பால் போகிற ரிக்கெற்றைத் தனியாக எடுத்திருந்தால் பொதி நேரே போகாது. வெளியே வந்து எடுத்து மறுபடி கொடுக்க வேண்டும். வெளியே வருவதற்கு இந்திய விசா வேண்டும். மலிவு ரிக்கெற் பார்க்கும்போது இந்தச் செலவையும் கூட்டிப் பாருங்கள்.

இனிக் கட்டும் விதம். பையைத் தலைகீழாக நிறுத்தினாலும் உள்ளே எதுவும் நோகக்கூடாது என்பதுதான் அளவுகோல், ஏனென்றால் யாராவது ஒருவர் நிச்சயம் தலைகீழாக நிறுத்துவார். தடிகளின் தலைப்பக்கம் நிலத்தில் குத்தினால் அடி முழுவதையும் வாங்குவது டிரைவர் என்ற, எல்லாவற்றிலும் நீளமான தடி. அதன் காபன் தண்டு தலைக்குள் நுழைகிற கழுத்தில் விண்டுபோகும். இதற்காகவே பைக்குள் நிறுத்துகிற தாங்குகோல் கடைகளில் விற்கிறது, விலை கூட. அந்தக் காசைக் கொடுக்கத் தேவையில்லை. ஹாட்வெயார்க் கடையில் ஓர் அங்குலத் தண்ணீர்க் குழாய் வாங்குங்கள். தோட்டத்துக்கு நீர் இறைக்கப் போடுகிற தடித்த பிவிசி குழாயாக இருக்கவேண்டும். மின்வயர் ஓடவிடுகிற மெல்லிய குழாய் நொறுங்கிவிடும். டிரைவரை அளந்தால் 115 சென்ரிமீற்றர் அளவில் இருக்கும். குழாயை 5 சென்ரிமீற்றர் கூட்டி வெட்டி, இரண்டு முனைக்கும் மூடி போட்டு, மேல் மூடியில் ஒரு பழைய ரெனிஸ் பந்தைக் கீறிச் செருகிவிடுங்கள். பையின் நடுவில் அது நிற்கும். பை கவிழ்ந்தால் அடி குழாய்க்கு, டிரைவருக்கு இல்லை.

தலை கழற்றக்கூடிய டிரைவர் என்றால் கழற்றுவது இன்னும் நல்லது. கழுத்துப் பட்டையில் எந்தக் கோணத்தில் இருந்தது என்று கழற்ற முன்னர் போனில் ஒரு படம் எடுங்கள். தலையைச் சொக்ஸ் ஒன்றுக்குள் போட்டுச் சூட்கேசில் உடுப்புக்கு நடுவே வையுங்கள். அதைத் திருகுகிற சாவியைக் கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் பிடுங்கிக்கொள்ளக்கூடும். அதையும் சூட்கேசிலேயே போடுங்கள். திரும்பப் பூட்டும்போது சாவி 'டக்' என்று சத்தம் கொடுக்கும் மட்டும் இறுக்குங்கள். அநேகமான சாவிகள் 40 இஞ்ச்-பவுண்ட் முறுக்குவிசை அளவில் அந்தச் சத்தத்தைத் தரும். சத்தம் வர முன்னர் நிறுத்தினால் அடிக்கிறபோது தலை தளரும், வந்த பிறகும் முறுக்கினால் திருகாணியின் மரை போகும்.

அயன்களின் தலைகளுக்கு நடுவே பழைய துவாய் ஒன்றை மேலும் கீழுமாகப் பின்னி விடுங்கள். பிறகு எல்லாத் தண்டையும் சேர்த்து, தலைக்குக் கீழே ஒரு கட்டு, பிடிக்கு மேலே ஒரு கட்டு. இதற்குப் பழைய சைக்கிள் ரியூப் வெட்டிய வளையம் போதும், வழுக்காது. தடிகள் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரு கட்டாகிவிட்டால் நடுவில் மூட்டை விழுந்தாலும் தாங்கும். தனித்தனியாக ஆடிக்கொண்டு கிடந்தால்தான் வளையும். சப்பாத்து இரண்டையும் தலைகளின் இருபக்கமும் செருகுங்கள், இடமும் மிச்சம், பாதுகாப்பும் ஆச்சு. வெளியுறை துணியா வன்பெட்டியா என்று கேட்டால், குழாய் வைத்துக் கட்டத் தெரிந்தவருக்குத் துணியுறை போதும். வன்பெட்டி வெறுமையாகவே 5 கிலோவைத் தாண்டும், ஓட்டோவில் வைக்கவும் இடமில்லை.

நிறைக் கணக்கு இப்படி வரும். 14 தடியும் சேர்ந்து 5.7 கிலோ அளவு. நிற்க வைக்கிற பை 2.2, துணியுறை 3.5, பன்னிரண்டு பந்து 550 கிராம், சப்பாத்து 900 கிராம், மழையங்கி 400, குடை 500, குழாய் 400. மொத்தம் 14 கிலோவுக்குச் சற்று மேல். நிறையில் பிரச்சினையே இல்லை, நீளத்தில்தான் சிக்கல். நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டி 158 சென்ரிமீற்றருக்குள் இருக்க வேண்டும் என்பது பல விமான நிறுவனங்களின் விதி. கோல்ஃப் பை சுலபமாக 190ஐத் தாண்டும். பலர் விளையாட்டுப் பொருள் என்று இந்த அளவை மன்னிப்பார்கள், சிலர் மாட்டார்கள். வட அமெரிக்காவுக்கு எண்ணிக்கைக் கணக்கில் பெரும்பாலும் 23 கிலோ வீதம் பொதி. கோல்ஃப் பை அதில் ஒன்றைத் தின்னும். மத்திய கிழக்கு வழியாகக் கிலோக் கணக்கில் போகிறவர்களுக்கு 30 கிலோவில் 14 போய்விடும், மிச்சம் 16 கிலோவில்தான் வீடு முழுக்கக் கொடுத்துவிடுகிற சாமான்.

அந்தச் சாமான்தான் அடுத்த வில்லங்கம். பையில் 9 கிலோ மிச்சம் இருக்கிறதே என்று கறித்தூளையும் பனங்கட்டியையும் பருத்தித்துறை வடையையும் தடிகளுக்கு நடுவே அடைத்துவிடுகிற பழக்கம் எங்களிடம் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். விளையாட்டுப் பொருளுக்கான சலுகை தடி, பந்து, சப்பாத்துக்கு மட்டும் என்று பல நிறுவனங்கள் எழுதியே வைத்திருக்கின்றன. வேறு சாமான் கண்டால் சலுகை போய், அளவு மீறிய பொதிக்குரிய முழுக் காசு கேட்பார்கள். வறுத்து இடித்த தூள் பை வெடித்தால் இன்னும் மோசம். ரப்பர்ப் பிடியின் மெல்லிய கோடுகளுக்குள் மிளகாய்த்தூள் செந்நிறமாய் ஏறி உட்கார்ந்துவிடும், கழுவினாலும் முழுதாகப் போகாது. பிறகு அந்தக் கையால் வியர்வை துடைத்தால் கண் எரியும். நிறை குறைய வேண்டும் என்றால் தடியைக் குறையுங்கள். 14 தடிக்கு மேல் வேண்டாம் என்கிறது ஆட்ட விதி, குறைந்தது இத்தனை என்று எங்கும் சொல்லவில்லை. ஒற்றைப்படை நம்பர் அயன்களையும் இன்னும் சில தடிகளையும் விட்டுவிட்டு எட்டுத் தடியோடு ஆடலாம், 2 கிலோவுக்கு மேல் மிச்சம்.

அவுஸ்திரேலியாவுக்கோ நியூசிலாந்துக்கோ போகிறவர்கள் அடுத்ததைக் கட்டாயம் கவனியுங்கள். உரும்பிராய், கோண்டாவில் பக்கத்துத் தோட்டவெளியில் நாலு பந்து அடித்துப் பழகியிருந்தால் அயன் முகத்துத் தவாளிப்புகளில் செம்மண் இறுகி இருக்கும். தூரத்தில் பார்க்கத் துருப்பிடித்த கோடு மாதிரி. அங்கத்தைய உயிர்ப்பாதுகாப்பு அதிகாரிகளுக்கு மண் என்றால் மண்தான், ஒரு பொட்டு ஆனாலும். சவர்க்காரத் தண்ணீரில் பத்து நிமிடம் தலைகளை மட்டும் ஊறவிட்டு, பழைய பல்துலக்கும் பிரஷால் கோடு கோடாகத் தேயுங்கள். சப்பாத்தின் முட்களுக்கு அடியில் ஈர்க்கால் நோண்டுங்கள், பையின் அடிப்பகுதியைக் கவிழ்த்துத் தட்டுங்கள். ஈரத்தோடு கட்டவேண்டாம், பூஞ்சணம் பிடிக்கும். இவ்வளவும் செய்த பிறகும் வருகை அட்டையில் பாவித்த விளையாட்டுப் பொருள் இருக்கிறது என்றே எழுதுங்கள். எழுதினால் பார்த்துவிட்டு விடுவார்கள், இல்லையென்றால் அங்கேயே கழுவச் சொல்வார்கள். எழுதாமல் பிடிபட்டால்தான் தண்டம்.

பற்றரி விடயம் சுருக்கமாக. தூரம் பார்க்கிற கருவியும் உதிரிப் பற்றரியும் பவர்பாங்கும் கைப்பையில். மின்சாரத் தள்ளுவண்டி கொண்டுபோக நினைத்தால் பற்றரியில் உள்ள வோல்ற்றையும் அம்பியர்-மணியையும் பெருக்கிப் பாருங்கள். 100 வற்-மணிக்குள் சரி, 160 வரை நிறுவனத்தின் அனுமதி வேண்டும், அதற்கு மேல் பயணிகள் விமானத்தில் ஏறாது. 14.4 வோல்ற், 18 அம்பியர்-மணி என்றால் 259 வருகிறது. வண்டியை வீட்டில் விடுங்கள்.

ரிக்கெற் எடுத்த அன்றே நிறுவனத்துக்கு அறிவித்து, விளையாட்டுப் பொருள் உண்டு என்பதற்கான எஸ்.பி.ஈ.கியூ. என்ற குறியைப் பதிவில் ஏற்றச் சொல்லி, அதை மின்னஞ்சலில் எழுத்தாக வாங்கி வையுங்கள். போனில் "பிரச்சினை இல்லை" என்று சொன்னது கவுண்டரில் செல்லாது. இரண்டு நிறுவனங்களின் விமானம் மாறிப் போனால் இருவரிடமும் கேளுங்கள், சின்ன விமானம் ஓட்டுகிறவரின் பதில்தான் உங்களைக் கட்டுப்படுத்தும். வழமையைவிட முக்கால் மணித்தியாலம் முந்திப் போங்கள். பை வழமையான பட்டியில் போகாது, அளவு மீறிய பொதிகளுக்கான இடத்துக்கு நீங்களே தள்ளிக்கொண்டு போகவேண்டும். பொதிச்சீட்டு ஒட்டும்போது அதில் சின்ன எழுத்தில் "சேதத்துக்குப் பொறுப்பில்லை" என்ற வகைக் குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். கையெழுத்துக் கேட்டால் வாசிக்காமல் போடாதீர்கள். உள்ளே இருக்கிற தடிகளை உறைக்குப் பக்கத்தில் பரப்பி வைத்து எடுத்த படம் ஒன்று போனில் இருக்கட்டும். திரும்பி வரும்போது சுங்கத்தில் இது நாங்கள் கொண்டுபோனதுதான் என்று காட்டவும் அது உதவும்.

போய் இறங்கினதும் பட்டியடியில் காவல் நிற்காதீர்கள், அளவு மீறிய பொதி வருகிற கதவு தனி. பையை அங்கேயே திறவுங்கள். உருக்குத் தண்டுகளைக் கண்ணுக்கு நேரே பிடித்து நீளவாக்கில் பாருங்கள். காபன் தண்டில் கழுத்தைச் சுற்றி நகத்தை ஓட்டுங்கள், மயிரிழை வெடிப்பு நகத்தில் தட்டும். தலையையும் பிடியையும் எதிரெதிராக மெதுவாக முறுக்கினால் கிரீச்சென்ற சத்தம் வரக்கூடாது. ஏதாவது இருந்தால் மண்டபத்தை விட்டு வெளியேற முன்னரே பொதி முறைப்பாட்டுப் படிவம் எழுதி இலக்கம் வாங்குங்கள். 1999ஆம் ஆண்டு மொன்றியல் உடன்படிக்கைப்படி சேதத்துக்கு 7 நாளுக்குள், தாமதத்துக்குப் பொதி கைக்கு வந்து 21 நாளுக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். 2024 டிசம்பர் 28 முதல் ஒரு பயணிக்கான உச்ச இழப்பீடு 1,519 எஸ்.டி.ஆர்., சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகில். பஸ்ஸில் வளைந்த தண்டுக்கு இதில் ஒரு சதமும் வராது. ஆகவே கட்டுநாயக்கவில் கவுண்டருக்குப் போக முன்னரும் இதே சோதனையைச் செய்து படம் எடுங்கள்.

ஒரே ஒரு நாள் ஆட்டத்துக்குப் போகிறவர் இவ்வளவு பாடும் படத் தேவையில்லை. போகிற இடத்துக் கழகத்தில் வாடகைத் தடி உண்டா என்று கேட்டு, பந்தைக் குழிக்குள் உருட்டுகிற பட்டர் என்ற தடியையும் சப்பாத்தையும் மட்டும் கொண்டுபோகலாம். பட்டர் 90 சென்ரிமீற்றருக்குள்தான், பெரிய சூட்கேசில் மூலைக்கு மூலை படுக்கும். மூன்று ஆட்டத்துக்கு மேல் என்றால் சொந்தத் தடிதான் கணக்குக்குச் சரி. திரும்பி வரும்போது குழாயை விடுதியில் எறிந்துவிட்டு வராதீர்கள். கட்டுநாயக்கவில் இருந்து யாழ்ப்பாணம் வரும் பஸ்ஸிலும் அதே கீழ்ப்பெட்டிதான், இந்தத் தடவை மேலே ஏறப்போவது கொழும்புக் கடைகளின் சாமான் பெட்டி.