நாற்பது சட்டமும் மூன்று மீனும்

மெனோனைட் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் என்றாலே குதிரை வண்டி, கறுப்புத் தொப்பி, மின்சாரம் இல்லாத வீடு என்றுதான் நினைத்திருந்தேன். கனடாவில், மானிடோபா மாகாணத்து ஸ்டெய்ன்பாக் பக்கம் ஒரு மரவேலை ஆலையில் சேர்ந்த முதல் நாள், என் ஷிஃப்ட் லீடர் பெரிய பிக்கப் டிரக்கில் வந்து இறங்கினார், பின்னால் முழுக்க மீன்பிடிச் சாமான். அந்த ஊரே 1874-இல் ரஷ்யப் பேரரசிலிருந்து வந்த 18 மெனோனைட் குடும்பங்கள் அமைத்தது என்பதெல்லாம் அப்புறம்தான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் என்றால் வரமாட்டார். நவம்பரில் மான் வேட்டைக்கு ஒரு வாரம் லீவு. மற்றபடி மதம் பற்றி அவராக ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒருநாள் நானே வாய்விட்டுக் கேட்டேன், போருக்குப் போகமாட்டோம் என்கிறீர்கள், வீட்டில் மட்டும் துப்பாக்கி இருக்கிறதே என்று. இரண்டாம் உலகப் போரில் துப்பாக்கி தூக்க மறுத்த அவருடைய தாத்தாவை அரசாங்கம் பிரிட்டிஷ் கொலம்பியா காட்டுக்கு மரம் நட அனுப்பியதாம். “மானைச் சாப்பிடுகிறோம்,” என்றார். அவ்வளவுதான். அடுத்த வாரம் என் மேசையில் ஒரு பொட்டலம் மான் சாசேஜ் இருந்தது.

மூத்த பையனுக்குப் பதினாறு வயது, இன்னும் ஞானஸ்நானம் ஆகவில்லை. பெரியவனாகித் தானே கேட்டுத்தான் எடுக்க வேண்டும் என்பது இவர்களுடைய அடிப்படை. 1525-இல் சூரிச்சில் இப்படித் தொடங்கியவர்களில் சிலரைத்தான் பிறகு ஆற்றில் அமுக்கிக் கொன்றார்கள். அதற்காக மகனை அவசரப்படுத்துவாரா என்றால், இல்லை. “அவன் கேட்கட்டும்” என்பார். மார்க் ஷீட் வருவதற்குள் மகனை என்ஜினியர் ஆக்கிவிடும் வீட்டில் வளர்ந்த எனக்கு அது புரியவே கொஞ்ச நாள் ஆனது.

அந்த ஜனவரியில் நாற்பது கதவுச் சட்டங்களை அரை அங்குலம் குறைத்து வெட்டிவிட்டேன். மேனேஜர் கேட்டபோது பயத்தில், அளவு லீடர் கொடுத்தது என்று சொல்லிவிட்டேன். அவரைக் கூப்பிட்டார்கள். திரும்பி வந்தவர், “இனி வெட்டுமுன் ரெண்டு பேரும் சேர்ந்து அளப்போம்,” என்றார். நான் சொன்னது அவர் காதுக்குப் போனதா என்று இன்றுவரை கேட்கவில்லை.

அந்தச் சனிக்கிழமையே உறைந்த ஏரிக்கு மீன் பிடிக்கக் கூட்டிப்போனார், சின்ன மகளும் வந்தாள். முதலில் கரையோரம் துளை போட்டு ஐஸின் கனத்தை அளந்தார். நாலு அங்குலமாவது இருந்தால்தான் அதன்மேல் நடக்கலாம், அன்று அதைவிட எவ்வளவோ கூடுதல். தூண்டிலைப் போட்டுவிட்டு உட்கார்ந்ததும் மகள், டர்க் வில்லெம்ஸ் கதையைச் சொல்லச் சொன்னாள், தூங்கும்போது கேட்கும் கதை போல. 1569, ஹாலந்து. இதே ஞானஸ்நான நம்பிக்கைக்காக அடைத்த சிறையிலிருந்து தப்பி மெல்லிய ஐஸின்மேல் ஓடுகிறார் வில்லெம்ஸ். துரத்தி வந்தவன் ஐஸ் உடைந்து உள்ளே விழுகிறான். இவர் திரும்பி வந்து அவனைத் தூக்கிவிடுகிறார். அதனாலேயே பிடிபட்டு, எரிக்கப்படுகிறார்.

“பிடிப்பாங்கன்னு அவருக்குத் தெரியாதாப்பா?”

“தெரியும்,” என்றார், தூண்டிலைப் பார்த்தபடி.

எனக்குக் காது சூடானது, மைனஸ் இருபதில். அன்று கிடைத்தது மூன்றே பிக்கரல் மீன். இரண்டை என் பையில் போட்டார்.