உலகத்துக்கு ஒரே மொழி வேண்டுமா?

உலகம் முழுக்க ஒரே மொழி பேசினால் சண்டை ஓயும் என்று நண்பர் ஒருவர் அடித்துச் சொல்கிறார். எனக்கு நம்பிக்கை இல்லை. 1861 முதல் 1865 வரை அமெரிக்க உள்நாட்டுப் போரில் இரு தரப்பும் ஆங்கிலம்தான் பேசின.

ஆசை புதிதல்ல. இன்று போலந்தில் இருக்கும் பியாலிஸ்டாக்கில் பிறந்த கண் மருத்துவர் சாமன்ஹாஃப், தன் ஊரில் ரஷ்யர், போலந்துக்காரர், ஜெர்மானியர், யூதர் இடையே நிலவிய பகையைக் கண்டு நொந்து, தானே உருவாக்கிய எஸ்பெராண்டோ என்ற பொது மொழியை 1887-இல் வெளியிட்டார். அவர்மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு. எல்லாருக்கும் இரண்டாவது மொழியாகத்தான் அதைக் கொடுத்தார். எவருடைய தாய்மொழியையும் பிடுங்க நினைக்கவில்லை.

மதுரைக்கு இந்த வழி பழக்கமானதுதான். மகால் பக்கம் எங்கள் தெருவில் ஒரு சௌராஷ்டிர அம்மா சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுவார். துணியை நகத்தால் கிள்ளி, நூலைச் சுற்றி இறுக்குவார். கை ஓடிக்கொண்டே இருக்கும். மருமகளிடம் சௌராஷ்டிரத்தில் பேச்சு, கீரைக்காரரிடம் தமிழில் பேரம். பல தலைமுறைகளாக அந்த வீட்டில் இரண்டும் கூடவே வாழ்கின்றன.

பேரன் மட்டும் ஆங்கிலத்திலேயே பதில் சொல்கிறான். அவனுக்கு ஆங்கிலம் அவசியம், மறுக்கவில்லை. ஆனால் தினமும் கொஞ்ச நேரமாவது பாட்டியோடு அவர் மொழியில் பேசவிடுங்கள் என்று அவன் அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன், இனியும் சொல்வேன்.