தொட்டியில் கால்சியம் இறங்கியபோது

சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி வீட்டுக் கூடத்தில் ஒரு பவளத் தொட்டி வைத்திருக்கிறேன். பாறையும் மணலும் போக, சுமார் 200 லிட்டர் கடல்நீர். அக்ரோபோரா பவளம் நன்றாக வளரும்போது கிளை நுனிகள் வெண்மையாக இருக்கும். அந்த வெண்மை மங்கத் தொடங்கியது. கண்ணாடியில் ஓயாமல் படரும் ஊதா நிறச் சுண்ணாம்புப் பாசியும் புதிதாக வரவில்லை. பவளமும் இந்தப் பாசியும் உடலைக் கட்டக் கால்சியம் தேவை. அதைச் சோதித்தேன். லிட்டருக்கு 345 மில்லிகிராம். இயற்கைக் கடல்நீரில் இது 410 முதல் 420 வரை இருக்கும்.

இந்த எண்ணைப் பார்த்ததும் கால்சியம் குளோரைடைக் கரைத்து ஊற்றத்தான் கை பரபரக்கும். ஆனால் 345 என்ற எண் தனியாக எதையும் சொல்லிவிடாது. அது ஏன் குறைந்தது என்று தெரியாமல் ஊற்றினால் சில நாட்களில் மறுபடியும் குறையும்.

முதல் சந்தேகம் சோதனையின் மேலேயே. இரண்டு மில்லி தொட்டி நீரில் பொடியையும் துளிகளையும் சேர்த்தால் இளஞ்சிவப்பு நிறம் வரும். பிறகு சிரிஞ்சிலிருந்து ஈடிடிஏ கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். அது கால்சியத்தைப் பற்றிக்கொள்கிறது. எல்லாம் பிடிபட்டதும் நீர் நீலமாகிறது. இடையில் ஓர் ஊதா நிறம் தலைகாட்டும். அங்கேயே நிறுத்தினால் அளவு குறைவாகத்தான் வரும். இன்னொரு சொட்டு விட்டுக் குலுக்கியும் நிறம் மாறாமல் நின்றால்தான் முடிந்தது என்று பொருள். தொட்டியின் நீல விளக்கு வெளிச்சத்தில் இதைப் பார்க்கவே கூடாது. நான் ஜன்னலோரம், வெள்ளைத் தாளை முன்னால் பிடித்துப் பார்த்தேன். கால்சியம் அளவு முன்பே தெரிந்த ஒப்பீட்டுக் கரைசலையும் அதே முறையில் சோதித்தேன். அது சரியாக வந்தது. ஆகவே 345 உண்மைதான்.

அடுத்தது உப்புத்தன்மை. இது குறைந்தால் கால்சியமும் அதே விகிதத்தில் குறையும். கடல்நீரின் 35 என்ற அளவு (ஒரு கிலோ நீரில் 35 கிராம் உப்பு) 31 ஆகிவிட்டால் 420 தானாகவே 372 ஆகிவிடும். உப்புத்தன்மையை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரை 35 அளவுக் கரைசலால் சரிபார்த்துவிட்டு அளந்தேன். தொட்டி நீர் 35 தான். மெக்னீசியம் 1300. அது குறைந்திருந்தால் கால்சியம் கார்பனேட் தானாகவே படிவாகிப் பம்புகளில் வெள்ளையாக அப்பியிருக்கும். அப்படி எதுவும் இல்லை. காரத்தன்மை, அதாவது பெரும்பாலும் நீரில் உள்ள கார்பனேட், பைகார்பனேட்டின் அளவு, 8 டிகிரி (dKH), வழக்கம்போல.

விடை இந்தக் கடைசி எண்ணில்தான் இருந்தது. பவளம் எலும்புக்கூடு கட்டும்போது கால்சியத்தையும் காரத்தன்மையையும் ஒரே விகிதத்தில்தான் எடுக்கிறது: 2.8 டிகிரி காரத்தன்மை இறங்கினால் கால்சியம் ஏறக்குறைய 20 மில்லிகிராம் இறங்கும். இரண்டையும், குறித்த அளவு கரைசலைத் தொட்டியில் விடும் இரண்டு டோசிங் பம்புகள் நாள்தோறும் ஈடுசெய்கின்றன. ஒன்று நிலையாக நிற்க, மற்றது மட்டும் சரிகிறதென்றால், பவளம் அளவுக்கு மீறித் தின்கிறது என்று சொல்ல முடியாது. கொடுப்பதில்தான் குறை.

கால்சியம் பம்பின் குழாய் முனையை அளவுக்குடுவைக்குள் விட்டு, 40 மில்லி கொடுக்கும்படி இயக்கினேன். 26 மில்லிதான் வந்தது. இத்தகைய பம்பில் உருளைகள் ஒரு மெல்லிய குழாயை நசுக்கி நசுக்கித் திரவத்தைத் தள்ளுகின்றன. அந்தக் குழாய் நெகிழ்ச்சியை இழந்து தட்டையாகிக் கிடந்தது. திரை மட்டும் நாள்தோறும் 40 என்றே காட்டிக்கொண்டிருந்தது. குழாயை மாற்றி, மறுபடி அளந்து, பம்பைச் சரிசெய்தேன்.

இனி பள்ளத்தை நிரப்பும் வேலை. 345-லிருந்து 420-க்கு 75 மில்லிகிராம் ஏற்ற வேண்டும். 200 லிட்டருக்கு அது 15 கிராம் கால்சியம். நான் வைத்திருந்தது கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட், அதாவது படிகத்தில் நீரும் சேர்ந்த வகை. அதன் எடையில் 27 சதவீதம்தான் கால்சியம். ஆகவே ஏறத்தாழ 55 கிராம் தேவை. நீரற்ற வகை என்றால் 42 கிராம் போதும். டப்பாவில் எது என்று பார்க்காமல் கணக்குப் போடாதீர்கள். நாளொன்றுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் ஏற்றுவது எனக்குச் சம்மதமில்லை. நான்கு பங்காகப் பிரித்து, ஒவ்வொரு பங்கையும் ஆர்.ஓ. தண்ணீரில் கரைத்து, கரையும்போது ஏறும் சூடு தணிந்த பிறகு, சம்ப்பில் (தொட்டி நீர் சுற்றிவரும் துணைத்தொட்டி) நீரோட்டம் வேகமாக உள்ள இடத்தில் மெதுவாக ஊற்றினேன். காரத்தன்மைக் கரைசல் விழும் நேரத்துக்கும் இதற்கும் பல மணி நேர இடைவெளி விட்டேன். இரண்டும் ஒன்றோடொன்று கலந்தால் பால்போல் வெளுத்து, போட்ட கால்சியமெல்லாம் வீணாகிவிடும்.

கடைசிப் பங்குக்கு மறுநாள் 415 வந்தது. 420 ஆக்க இன்னும் கொஞ்சம் போடவில்லை. சோதனையின் பிழையே அந்த அளவுக்கு இருக்கும். கிளை நுனிகளில் வெண்மை திரும்பச் சில வாரங்கள் பிடித்தன. பவளம் அவசரப்படாது.

இந்தியாவில் இருந்து படிப்பவர்களுக்கு ஒன்று. அங்கே கல் பவளங்கள் எல்லாம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. யார் விற்றாலும் வாங்காதீர்கள். இங்கே வளர்ப்பவர்களும், உரிய அனுமதியோடு வந்த, பண்ணையில் வளர்த்த துண்டுகளையே கேட்டு வாங்குங்கள்.

பம்புக் குழாயின் விலை மிகக் குறைவு. மாற்றிய தேதியை ஒரு நாடாவில் எழுதிப் பம்பின் மேல் ஒட்டியிருக்கிறேன். மாதம் ஒருமுறை அளவுக்குடுவையில் பிடித்துப் பார்க்கிறேன். திரையில் உள்ள எண்ணை நம்புவதில்லை.