நாலரை அங்குலச் சுவரும் இரண்டு வீடுகளும்

கீழக்கரையில் எங்கள் தெரு வீடுகளுக்கு இடையே சந்து கிடையாது. ஒரு வீட்டின் சுவர் முடிகிற இடத்தில் அடுத்த வீடு தொடங்கிவிடும். வீட்டைப் பெண்மக்களுக்குக் கொடுப்பது எங்கள் ஊர் வழக்கம் என்பதால், ஒரே வீடாக இருந்தது ஒரு தலைமுறை கழிந்ததும் இரண்டாகப் பிரிந்துவிடுவதும் உண்டு. எங்கள் வீடு 1974இல் பெரியம்மாவுக்கும் என் உம்மாவுக்கும் பாகம் பிரிக்கப்பட்டபோது, நடுக்கூடத்தின் குறுக்கே நாலரை அங்குலத்தில் ஒரு செங்கல் சுவர் எழுப்பப்பட்டது. இன்று அதற்கு ஒரு பக்கம் நானும், மறுபக்கம் நான் லாத்தா என்று அழைக்கும் பெரியம்மா மகளும் குடியிருக்கிறோம். லாத்தா இருமினால் எனக்குக் கேட்கும். என் வீட்டில் அம்மி நகர்ந்தால் அவருக்குத் தெரியும்.

என் பாதியில் சமையலறையும் குளியலறையும் பழுதாகிவிட்டன. குளியலறை அந்தச் சுவரை ஒட்டியே இருந்ததால், லாத்தாவின் படுக்கையறைச் சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஈரம் ஏறி உப்புப் பூத்திருந்தது. அவர் ஒருநாளும் குறை சொன்னதில்லை. ஆனால் அந்தச் சுவரைத் தொட்டுப் பார்த்த அன்று எனக்கு மனம் பொறுக்கவில்லை. கணவர் சவூதியில் இருப்பதால் வேலையை நானே முன்நின்று நடத்த வேண்டியதாயிற்று.

முதலில் வந்த ஒப்பந்தக்காரர், சுவரில் காடி வெட்டிக் குழாய்களைப் பதித்து, மேலே சிமெண்டு பூசி ஓடு ஒட்டிவிடலாம், இருபது நாளில் முடியும் என்றார். அவர் ஆள்கள் சோதனைக்கென்று இயந்திரத்தை வைத்து ஓர் அடி நீளம் வெட்டியதுமே, மறுபக்கம் லாத்தாவின் கட்டில் மேல் முறம் அளவுக்குப் பூச்சு பெயர்ந்து விழுந்தது. பகல் வேளையாக இருந்ததால் கட்டிலில் யாரும் இல்லை. அன்றே வேலையை நிறுத்தினேன். பிறகு இராமநாதபுரத்திலிருந்து ஒரு பொறியாளரையும், பழைய சுண்ணாம்புக் கட்டடங்களில் வேலை செய்து பழகிய ஒரு கொத்தனாரையும் தேடிப் பிடிக்க இரண்டு மாதம் ஆயிற்று.

பொறியாளர் சுவரைப் பார்க்கும் முன்பே பாகப்பிரிவினைப் பத்திரத்தைக் கேட்டார். அதில் இடைச்சுவர் இருவருக்கும் பொது என்ற ஒரு வரி மட்டும் இருந்தது. இங்கிலாந்தில் பொதுச்சுவருக்கென்றே 1996இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டிருக்கிறது என்றும், அதன்படி பொதுச்சுவரில் கைவைக்க இரண்டு மாதம் முன்னதாகவே பக்கத்து வீட்டாருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்றும் அவர் விளக்கினார். நம் நாட்டில் அப்படித் தனிச்சட்டம் இல்லாததால், பத்திரத்தின் வாசகத்தையும், ஒருவர் சொத்தின் மேல் பக்கத்தவருக்கு உள்ள உரிமைகளைச் சொல்லும் 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டத்தையும் வைத்துத்தான் வழக்குப் பேச முடியும் என்றார். ஆகவே நாங்களே ஓர் ஒப்பந்தம் எழுதிக்கொண்டோம். எந்தெந்த வேலை நடக்கும், எந்த நேரத்தில் நடக்கும், அவர் பக்கத்தில் ஏற்படும் சேதத்தை யார் சரிசெய்வது, இரு பக்கமும் இப்போது உள்ள விரிசல்கள் எவை என்பதையெல்லாம் முத்திரைத்தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டோம். சொந்தத்துக்குள் எழுத்து எதற்கு என்று குடும்பத்தில் சிலர் வருத்தப்பட்டார்கள். லாத்தாதான், "நாளைக்கு நம்ம பிள்ளைகளுக்குள்ள பேச்சு வரக்கூடாது, எழுதும்மா" என்று சொல்லி முதல் கையெழுத்தைப் போட்டார். விரிசல்களைத் தேதியோடு படம் எடுத்து, மூன்று பெரிய விரிசல்களின் குறுக்கே பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் விரல் அகலப் பட்டைகள் வைத்தோம். சுவர் சற்று அசைந்தாலும் பட்டை உடைந்து காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்து வந்த கேள்விதான் இந்த வேலை முழுவதையும் தீர்மானித்தது: அந்தச் சுவர் எதையாவது தாங்குகிறதா? எங்கள் வெளிச்சுவர்கள் கடலிலிருந்து எடுத்த பவளப்பாறைக் கல்லாலும் சுண்ணாம்பாலும் கட்டப்பட்டவை, ஒன்றரை அடி கனம். கூரை மெட்ராஸ் டெரஸ், அதாவது மரங்களின் மேல் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் பரப்பிய தளம். மூன்று தேக்கு உத்திரங்கள் பழைய கூடத்தின் முழு அகலத்துக்கும் ஓடி, இரு வீடுகளின் தளத்தையும் சேர்த்தே சுமக்கின்றன. இடைச்சுவர் அந்த உத்திரங்களுக்கு அடியில் பின்னால் எழுப்பிய வெறும் மறைப்பு என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தோம். கொத்தனார் சாரத்தில் ஏறி, சுவரின் உச்சிக்கும் தளத்துக்கும் இடையே ஒரு ரம்பத் தகட்டைச் செருகிப் பார்த்தார். உத்திரம் இல்லாத இடங்களில் தகடு தடையின்றிப் போயிற்று. மூன்று உத்திரங்களின் அடியிலும் நுனிகூட நுழையவில்லை. அங்கே மேல்வரிசைச் செங்கற்கள் நசுங்கிப் பொடியாகியிருந்தன. ஐம்பது ஆண்டுகளில் உத்திரங்கள் சிறிது சிறிதாகத் தொய்ந்து சுவரின் மேல் உட்கார்ந்துவிட்டன. தாங்குவதற்காகக் கட்டப்படாத சுவர், இரண்டு வீட்டுத் தளத்தையும் தாங்கிக்கொண்டு நின்றிருக்கிறது. முதல் ஒப்பந்தக்காரர் சொன்னபடி குறுக்கே காடி வெட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கும்போது இப்போதும் என் கை நடுங்குகிறது. பாரம் தாங்கும் நாலரை அங்குலச் சுவரில் எவ்வளவு ஆழமற்ற காடியும் கூடாது என்பதைப் பொறியாளர் அன்று மாலை என்னிடமும் கொத்தனாரிடமும் மூன்று முறை சொன்னார்.

வழியும் அவரே சொன்னார். சுவருக்கு இரண்டு அடி தள்ளி, என் பக்கத்தில், ஒவ்வொரு உத்திரத்தின் அடியிலும் ஒரு கான்கிரீட் தூண். தூண்கள் வந்தால் சுவரின் மேலுள்ள பாரத்தில் பெரும்பகுதி அவற்றுக்கு இறங்கிவிடும். இரும்புத் தூண் விரைவில் முடியும், ஆனால் கடற்காற்றில் துரு பிடிக்கும் என்பதால் வேண்டாம் என்றார். இரண்டு அடி அகலத்தை இழப்பதை எண்ணி ஓர் இரவு தூங்கவில்லை. காலையில் சரி என்றேன்.

தை மாதம், மழை ஓய்ந்த பிறகு தொடங்கினோம். சவுக்குக் கட்டைகளையும் ஜாக்கிகளையும் இரு வீட்டிலும் உத்திரங்களுக்கு அடியில் முட்டுக் கொடுத்தோம்; லாத்தா தம் கூடத்தை ஏழு வாரம் எங்களுக்காகக் காலி செய்து கொடுத்தார். ஜாக்கியை முட்டும்வரை மட்டும் திருக வேண்டும், உத்திரத்தை மயிரிழைகூடத் தூக்கக் கூடாது. தூக்கினால் தொய்வோடு பழகிப்போன தளம் இரு பக்கமும் வெடித்துவிடும். குழிகளையும் ஒன்றாகத் தோண்டவில்லை. இடைச்சுவரின் அடித்தளம் பழைய கூடத்துத் தரைக்குக் கீழே ஒன்றரை அடிதான் இருந்தது, அதன் கீழ் வெறும் மணல். ஒரு குழி எடுத்து, கான்கிரீட் போட்டு, ஒரு வாரம் நீராற்றிய, அதாவது ஈரம் காயாமல் நீர் விட்டு இறுகவிட்ட பிறகே அடுத்த குழி. நடுக்குழியில் இரண்டாம் நாள் மணல் சரியத் தொடங்கியபோது பலகை அடித்து நிறுத்தினார்கள். அன்று நான் லாத்தா வீட்டில் பிளாஸ்டர் பட்டைகளின் எதிரிலேயே மாலைவரை உட்கார்ந்திருந்தேன். மூன்றும் உடையவில்லை.

தண்ணீரைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். எங்கள் கிணற்று நீர் உவர்ப்பு. கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. மீறினால் உள்ளே கம்பி துருப்பிடித்துப் பெருத்துக் கான்கிரீட்டை வெடிக்கச் செய்யும். நீராற்றுவது உட்பட எல்லாவற்றுக்கும் லாரித் தண்ணீர்தான் வாங்கினேன். செலவுதான், ஆனால் இந்தக் கடற்கரையில் பத்தே ஆண்டில் கம்பி தெரியும் மாடிகளைப் பார்த்தவர்கள் அதைக் குறை சொல்ல மாட்டார்கள்.

குளியலறையை எதிர்ப்புற வெளிச்சுவருக்கு மாற்றினோம். அங்கே சன்னலுக்காக எடுத்த பவளப்பாறைக் கற்கள் ஒவ்வொன்றையும் உடையாமல் இறக்கி வைத்து, வேறிடங்களில் பழுதுபட்ட கற்களுக்குப் பதிலாக வைத்தோம். மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986இல் தேசியப் பூங்கா ஆயின. 2001 முதல் பவளங்கள் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. கடலில் கல் எடுப்பது குற்றம், அப்படித்தான் இருக்கவும் வேண்டும். வீட்டில் இருக்கும் கல்லை வீணாக்காமல் இருப்பது நம் பொறுப்பு.

இடைச்சுவரின் பூச்சுதான் எனக்கு மிகவும் பிடித்த வேலை. முன்பு யாரோ சிமெண்டு பூசியிருந்ததால் உள்ளே புகுந்த ஈரம் வெளியேற வழியின்றி, உப்பு பூச்சுக்குப் பின்னாலேயே பூத்துப் பூத்து அதைத் தள்ளியிருந்தது. இரு பக்கமும் சிமெண்டை உளியாலும் சிறு சுத்தியலாலும் மட்டுமே பெயர்த்தார்கள். இயந்திரம் வீட்டுக்குள் வரவே இல்லை. உத்திரங்களின் அடியில் நசுங்கிய செங்கற்களையும் ஒவ்வொன்றாக மாற்றினார்கள். சுவரை ஆறு வாரம் உலரவிட்டு, பூத்த உப்பை நாள்தோறும் உலர்ந்த தூரிகையால் துடைத்தெடுத்தோம். பிறகு கிளிஞ்சல் சுண்ணாம்பும் மணலும் சேர்த்து, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய நீர் விட்டு அரைத்த காரையைப் பூசினார்கள். லாத்தா பக்கத்துப் பூச்சின் செலவும் ஒப்பந்தப்படி என்னுடையது.

இழந்ததாக நினைத்த இரண்டு அடி வீணாகவில்லை. தூண்களுக்கும் சுவருக்கும் இடையே தரையிலிருந்து தளம்வரை அலமாரிகள் நிற்கின்றன. அவை சுவரில் எங்கும் ஆணி கொள்ளாமல் தூண்களிலும் தரையிலும் மட்டுமே நிற்கின்றன. குழாய்களும் மின்கம்பிகளும் அந்த இடைவெளியில் வெளிப்படையாக ஓடுகின்றன. கசிந்தால் கண்ணில் படும். அடுக்கிய துணிகள் சத்தத்தையும் பெரும்பாலும் வாங்கிக்கொள்கின்றன. லாத்தாவின் இருமல் இப்போது கேட்பதில்லை. அதனால் காலையில் ஒருமுறை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

ஒரு பிளாஸ்டர் பட்டையைப் பூசாமல் அப்படியே விட்டிருக்கிறோம். இரண்டு ஐப்பசி மழை கடந்தும் அது முழுதாக இருக்கிறது. சுவரின் அடியில் ஒரு சாண் உயரத்துக்குக் கோடையில் இன்னும் கொஞ்சம் உப்புப் பூக்கிறது. தரையிலிருந்து ஏறுவது அது. தண்ணீர் விட்டுக் கழுவாமல், உலர்ந்த தூரிகையால் இரு பக்கமும் துடைத்துக்கொள்கிறோம்.